ஆணியில் தொங்கிய தபால்பெட்டி

"செவ்வாய். மு.ப. 9.10. புதுக் கடிதம் இறங்கும்போது இறுகியது. 9.40. தேடச் சொன்னதும் இறுகியது. 10.25. நான் ஒன்றும் செய்யவில்லை. அப்போதும் இறுகியது."

ஸ்ரெல்லா எழுதிய கொப்பியை மூடிவிட்டுத் திரையைப் பார்த்தாள். நீல வளையம் சுற்றிக்கொண்டிருந்தது. கடிதங்களின் பட்டியல் வெளிறிப்போய்க் கிடந்தது. மேலே, மின்னஞ்சல் புரோகிராமின் பெயருக்குப் பக்கத்தில், ‘பதிலளிக்கவில்லை’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. பதிலளிக்காதவர்களோடு மல்லுக்கட்டியே ஐம்பத்தேழு வயதாகிவிட்டவளுக்கு அந்த வரி புதிதல்ல. ஊரில் இருக்கிற அரசாங்கக் கந்தோர்களும் பதிலளித்ததில்லை, கொழும்பில் இருக்கிற கந்தோர்களும் பதிலளித்ததில்லை. இப்போது மேசையில் இருக்கிற பெட்டியும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கரையில் ஒரு சின்னக் கடற்றொழிலாளர் சங்கம் அது. ஒரே அறை. யன்னலைத் திறந்தால் ஆழமில்லாத களக்கடல். ஸ்ரெல்லா அங்கே இருபத்திரண்டு வருடமாகச் செயலாளர். கலியாணம் கட்டவில்லை. ஏன் கட்டவில்லை என்று கேட்பவர்களிடம், "சங்கக் கூட்டத்துக்குக் கோரம் சேரவே எனக்கு நேரம் காணாமல் கிடக்கு" என்பாள். காலையில் வந்ததும் கதவுக்குப் பக்கத்து ஆணியில் தன் துணிப்பையை மாட்டுவாள். பையிலிருந்து சிவப்புத் திறப்பை எடுத்துக் கம்பியூட்டரின் பின்னால் செருகுவாள். பின்னேரம் அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவாள். அந்தச் சிவப்புச் சாமான் இல்லாமல் கடிதப் புரோகிராம் திறக்காது. அதனால் பூட்டுச் சாவியைச் சொல்வதுபோல அதற்குத் திறப்பு என்றே பெயர் வைத்துவிட்டாள்.

சென்ற வாரம் கடற்றொழில் கந்தோரிலிருந்து தபாலில் ஒரு கடிதம் வந்திருந்தது. கடலட்டைப் பண்ணை போட ஒரு கம்பனிக்கு அனுமதி கிடைத்துவிட்டதாம். களக்கடலில் கம்பு நட்டு வலை அடைக்கப் போகிறார்களாம். அவர்கள் கீறிய வரைபடத்தில், சங்கத்து வள்ளங்கள் போய்வருகிற வாய்க்கால் பண்ணைக்குள் நடுவில் கிடந்தது. அந்த வாய்க்காலை அடைத்தால் மூன்று கட்டை தூரம் சுற்ற வேண்டும். எஞ்சின் பூட்டியவன் எண்ணெயை எரித்துச் சுற்றுவான். மரக்கோல் ஊன்றிப் போகிற முப்பத்தெட்டு வள்ளங்களுக்கு அது கடலே இல்லாமல் போவதற்குச் சமம்.

"ஆட்சேபம் தெரிவிக்க 2021இல் அவகாசம் தரப்பட்டது. உங்கள் சங்கத்திடமிருந்து எந்த ஆட்சேபமும் கிடைக்கவில்லை" என்றது கடிதம். கிடைத்தது என்று நிரூபிக்க விரும்பினால், வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு யாழ்ப்பாணத்தில் நடக்கும் விசாரணைக்கு அத்தாட்சியோடு வரலாம்.

2021 என்றால் கொரோனாக் காலம். கந்தோர்கள் எல்லாம் பூட்டு. ஆட்சேபத்தை மின்னஞ்சலில் மட்டும், பதினான்கு நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்று பத்திரிகையில் ஒரு மூலையில் அறிவித்தல் போட்டார்கள். கரையில் எத்தனை பேருக்கு மின்னஞ்சல் இருக்கிறது என்று அறிவித்தல் போட்டவன் தெரியாமலா போட்டான்? தெரிந்துதான் போட்டான். ஆனால் இந்தக் கரையில் ஒரு ஸ்ரெல்லா இருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியாது. ஊரடங்குப் பாஸ் எடுத்து, முகத்தை மூடிக்கொண்டு, ஆளில்லாத றோட்டில் நடந்துவந்து அவள் அனுப்பினாள். பதில் ஒன்று வந்ததாகவும் நினைவு. எப்படிப்பட்ட பதில் என்பதுதான் நினைவில்லை. தேடிப் பார்க்கலாம் என்றால் புரோகிராம் இறுகுகிறது.

அப்போது கதவடியில் செருப்புச் சத்தம். சங்கத் தலைவர் சந்தியோகு. எழுபத்திரண்டு வயது. இன்னும் கடலுக்குப் போகிறவர்.

"என்ன பிள்ளை, உவர் இன்னும் எழும்பேல்லையோ?"

"எழும்புறார் அண்ணை. எழும்பி, என்னைப் பாத்திட்டுத் திரும்பப் படுக்கிறார்."

"நான் அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி நேந்திட்டன். துலைஞ்ச சாமானை எடுத்துத் தாறவர் அவர்தானே. உனக்கு விருப்பமெண்டால், சுவாமியாரிட்டைச் சொல்லித் தீர்த்தம் கொஞ்சம் வாங்கியாறன். உதுக்கு மேலை தெளிச்சு விடுவம்."

"தெளியுங்கோ. கரண்ட் அடிச்சு உங்களையும் என்னையும் ஒண்டாய் அடக்கம் செய்யட்டும்."

"பகிடி விடாதை. ஆரோ கண்ணூறு பட்டிருக்கு."

"காரணம் இல்லாமல் ஒண்டும் நடக்காது அண்ணை. காத்து ஏன் திரும்பினது எண்டு நீங்கள் கண்ணூறைக் கேட்டோ வள்ளம் இறக்கிறனியள்?"

சந்தியோகு சிரித்துவிட்டார். ஸ்ரெல்லா ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள்தான். ஆனால் பழுதான சாமானைப் பூசைக்குக் கொண்டுபோவதில்லை. காரணம் தெரியாத இடத்தில்தான் கண்ணூறு வந்து கதிரை போட்டுக் குந்தும் என்பது அவளுடைய அனுபவம். அதனால்தான் கொப்பி. எத்தனை மணிக்கு இறுகியது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தாள், எவ்வளவு நேரம் கிடந்தது என்று பதினொரு நாளாக எழுதி வருகிறாள்.

புதன்கிழமை காலை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலிருந்து லோஜன் வந்தான். பலாலி றோட்டில், கம்பஸ் பிள்ளைகளின் மடிக்கணினிகளைத் திருத்துகிற கடை வைத்திருப்பவன். நாற்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகள். வந்ததும் ஹெல்மெட்டை மேசையில் வைத்தான். புரோகிராமைத் திறந்தான். இறுகியது. மூடித் திறந்தான். இறுகியது. வைரஸ் காவலை நிறுத்திப் பார்த்தான். ஒட்டியிருந்த மேலதிகச் சாமான்களை எல்லாம் கழற்றி வெறும் புரோகிராமை மட்டும் ஓட்டிப் பார்த்தான். பிறகு கதிரையில் சாய்ந்தான்.

"அக்கா, உதுக்கு ஒரே மருந்துதான். முழுக்க அழிச்சுப்போட்டுப் புதுசாய் ஏத்துவம். அரை மணித்தியாலம்."

"தலையிடி எண்டு போனால் தலையை வெட்டுவம் எண்டு சொல்லுற டொக்டர் மாதிரியெல்லோ கதைக்கிறாய்."

"கடிதம் எல்லாம் மேலை இன்ரநெற்றிலை இருக்கும்தானே அக்கா. திரும்ப இறங்கும்."

"இருக்காது. இது 2003ஆம் ஆண்டு முறை. இறங்கினால் இறங்கினதுதான். மேலை ஒண்டும் மிஞ்சாது. வேறை ஒருத்தரிட்டையும் படி இல்லை. இஞ்சை மட்டும்தான்."

லோஜன் தலையைச் சொறிந்தான். ஸ்ரெல்லா கொப்பியை அவன் முன்னால் தள்ளினாள். அவன் மரியாதைக்குத்தான் முதலில் புரட்டினான். பிறகு மெல்லப் புரட்டினான். மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தினான்.

"போன வியாழன் முழுக்க இன்ரநெற் இல்லை. அண்டைக்கு ரெண்டு மணித்தியாலம் இறுகேல்லை எண்டு எழுதியிருக்கிறியள்."

"ஓம். தேடச் சொன்னாப் பிறகுதான் இறுகினது."

"அப்ப, புதுசு வந்து விழேக்கை இறுகுது. பழசைத் தேடேக்கை இறுகுது. மற்ற நேரம் சுகம்." அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "எழுத இடமில்லை. வாசிக்க மூச்சில்லை. உந்தக் கடிதங்கள் எங்கை கிடக்கெண்டு முதல் பாப்பம்."

திரையில் இரண்டு மூன்று பெட்டிகளைத் திறந்து பார்த்தவன், திடீரென்று திரும்பினான்.

"அக்கா, உங்கடை கடிதம் ஒண்டும் இந்தக் கம்பியூட்டருக்குள்ளை இல்லை."

"பின்னை எங்கை?"

அவன் எழும்பிப் போய்ப் பெட்டியின் பின்பக்கம் குனிந்து பார்த்தான். "இதென்ன சிவப்பு?"

"அது திறப்பு."

"திறப்பில்லை அக்கா, பென்ட்ரைவ். இருபது வருசக் கடிதத்தையும் நீங்கள் இதுக்குள்ளை போட்டு ஓட்டுறியள். பின்னேரத்திலை இது எங்கை இருக்கும்?"

ஸ்ரெல்லா கதவுப் பக்கம் பார்த்தாள். ஆணியில் துணிப்பை தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பையை யாழ்ப்பாணத்தில் ஒரு குறிப்பிட்ட வயதைத் தாண்டிய எவருக்கும் விளக்கத் தேவையில்லை. பிறப்புப் பத்திரம், அடையாள அட்டைப் படி, காணி உறுதி, ஒரு மாற்றுடுப்பு. ஓடச் சொன்னால் ஓட வேண்டும். ஓடுகிறபோது எதை எடுப்பது என்று யோசிக்க நேரம் இராது. ஆகவே முன்கூட்டியே யோசித்து, கதவடியில் மாட்டி வைத்த பை அது.

1995 ஒக்டோபரில் ஆமி நெருங்கி, குருநகர் முழுவதும் மழைக்குள் இடம்பெயர்ந்தபோது சங்கத்துக்கு அப்படி ஒரு பை இருக்கவில்லை. கூட்டக் குறிப்புகள், வலை காயப்போடும் காணியின் வரைபடம், வெள்ளைக்காரன் காலத்து ரசீதுகள் எல்லாம் அலுமாரியில் கிடந்தன. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது அலுமாரி இருந்தது. கதவு இல்லை, உள்ளே ஒரு கடதாசி இல்லை, ஆமிக்காரர் எரித்த சாம்பல்தான் கிடந்தது. பிறகு வலை காயப்போடும் காணிக்கு யாரோ உரிமை கொண்டாடி வந்தார்கள். "உங்களுடையது என்றால் எழுத்தில் காட்டுங்கள்" என்று கந்தோரில் கேட்டார்கள். கடதாசியை எரித்தவர்களும் காட்டச் சொன்னவர்களும் ஒரே அரசின் சம்பளத்தில் இருந்தவர்கள் என்பது எவருக்கும் வெட்கமாக இருக்கவில்லை. காணி போனது. இப்போது அங்கே முள்ளுக்கம்பி வேலி.

2006 ஓகஸ்டில் தெற்கே போகிற ஒரே பாதை பூட்டப்பட்டு, செல் வந்து விழுந்து வெடிக்கிற சத்தம் திரும்பக் கேட்கத் தொடங்கியபோது, அப்போது கம்பியூட்டர் பார்க்க வந்தவரிடம் ஸ்ரெல்லா சொன்னாள்: "நான் உந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட ஏலாது. கடிதம் முழுக்க என்ரை பைக்குள்ளை வாற மாதிரிச் செய்து தாருங்கோ." அவரும் செய்து கொடுத்தார். சண்டை முடிந்தது. அந்த மனிதர் கனடா போனார். கம்பியூட்டர் இரண்டு தரம் மாறியது, பென்ட்ரைவ் மூன்று தரம் மாறியது. ஒவ்வொரு முறையும், "முந்தி இருந்த மாதிரியே பூட்டுங்கோ" என்று மட்டும் சொன்னாள். ஏன் அப்படி இருந்தது என்பது அவளுக்கே மறந்துபோனது. கை மட்டும் மறக்கவில்லை. பத்தொன்பது வருடமாகக் காலையில் செருகி, பின்னேரம் கழற்றிக்கொண்டிருந்தது.

"விசர் வேலை பாத்திருக்கிறன், என்ன?" என்றாள்.

"விசர் இல்லை அக்கா. எங்கடை அம்மான்ரை பை இன்னும் தொங்குது. எடுத்து உள்ளை வைச்சால் எனக்குப் பேச்சு விழும்." லோஜன் பென்ட்ரைவின் விபரத்தைத் திரையில் காட்டினான். "பழைய முறையிலை இருக்கிற பென். ஒரு கோப்பு நாலு ஜீ.பி.க்கு மேலை வளர இது விடாது. வாற கடிதம் எல்லாத்தையும் உங்கடை புரோகிராம் ஒரே கோப்பிலைதான் அடுக்கும். உங்கடை கோப்பு நாலுக்கு ஒரு மயிரிழை குறைய நிக்குது. புதுக் கடிதம் தானாய் வந்து உள்ளை இடம் தேடும், இடமில்லை, வாசல்லை நிண்டு முட்டும். அதுதான் இறுகுது. இவ்வளவு பெரிய கோப்பைப் பென்னிலை இருந்து வாசிச்சுத் தேடேக்கையும் அதுக்கு மூச்சு முட்டுது."

"அப்ப கண்ணூறில்லை" என்றார் அதுவரை சுவரோர வாங்கில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்த சந்தியோகு. குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது.

"இல்லை ஐயா. கணக்குத்தான்."

கோப்பைக் கம்பியூட்டருக்குள் படியெடுக்க முக்கால் மணித்தியாலம் என்றது திரை. ஸ்ரெல்லா பிளேன் ரீ ஊற்றினாள். படி எடுத்து முடிந்ததும் லோஜன் புரோகிராமுக்குப் புது இடத்தைக் காட்டிக் கொடுத்தான். திறந்தான்.

இறுகவில்லை.

பட்டியல் மேலிருந்து கீழ்வரை ஒரே மூச்சில் விரிந்தது. ஸ்ரெல்லா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அடிவரை உருட்டினாள். 2003. சமாதான காலத்தில் ஒரு தொண்டு நிறுவனம் சங்கத்துக்கு இந்த மேசையையும் கம்பியூட்டரையும் தந்தது. கரையில் மின்னஞ்சல் இருந்த ஒரே இடம் இதுதான். பாரிசிலும் ரொறன்ரோவிலும் இருந்த பிள்ளைகளெல்லாம் இந்த ஒரு முகவரிக்குத்தான் எழுதினார்கள். ஸ்ரெல்லா கடிதத்தை அச்சடித்து, மடித்து, சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பாள். ‘கிறிஸ்ரோபர் அப்பாவுக்கு, ஸ்ரெல்லா அக்கா மூலம்.’ ‘பெரியம்மா, ஸ்ரெல்லா அக்கா வாசிச்சுக் காட்டுவா, வடிவாய்க் கேளுங்கோ.’ ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ். ஞானஸ்நானப் படங்கள், பனிக்குள் கோட்டுப் போட்டு நிற்கிற பெடியள், முதல் கார். சுனாமிக் கிழமையில் மட்டும் நூற்றுக்கு மேலே, எல்லாவற்றிலும் ஒரே கேள்வி: உயிரோடை இருக்கிறியளோ? நூற்றுக்கும் அவள் ஒவ்வொன்றாகப் பதில் போட்டாள். மூன்று வீட்டுக்கு மட்டும் ‘ஓம்’ என்று எழுத முடியவில்லை.

"இதென்ன, என்ரை மூத்தவளின்ரை கலியாணப் படமோ?" சந்தியோகு திரைக்குள் மூக்கை நுழைத்தார். "உதிலை நிக்கிற முக்காவாசிப் பேர் இப்ப இல்லைப் பிள்ளை."

"உங்கடை தலைமயிரும்தான் இல்லை" என்றாள் ஸ்ரெல்லா. ஆனாலும் அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் மூடவில்லை. சமாதானம் நிலைத்த அந்தச் சில வருடம், அவள் வாழ்க்கையில் எவருக்கும் மனுக் கொடுக்காமல் கடிதம் எழுதிய காலம்.

"அக்கா, தேடுவம்" என்றான் லோஜன்.

தேடினார்கள். ஆட்சேபக் கடிதம் உடனே வந்தது. 2021 மே மாதம் பதினெட்டாம் திகதி அனுப்பப்பட்டது. வாய்க்காலின் படம், முப்பத்தெட்டு வள்ளங்களின் பெயர்கள், எல்லாம் ஒழுங்காக. சந்தியோகு கை தட்டினார்.

"காணாது அண்ணை" என்றாள் ஸ்ரெல்லா. "நாங்கள் அனுப்பினது எங்களுக்குத் தெரியும். அவைக்குக் கிடைச்சதெண்டு காட்டோணும். அவையின்ரை பதில் வேணும்."

கந்தோரின் முகவரியைக் கொடுத்துத் தேடினார்கள். ஒன்றும் இல்லை. திகதியைக் கொடுத்துத் தேடினார்கள். மே பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று. கலியாண வாழ்த்து, மரண அறிவித்தல், மருந்து விளம்பரம். கந்தோரிலிருந்து ஒரு வரி இல்லை. புரோகிராம் இப்போது இறுகாமல், கேட்டதற்கெல்லாம் உடனுக்குடன், ‘ஒன்றும் கிடைக்கவில்லை’ என்று மரியாதையாகப் பதில் சொன்னது. இறுகிக் கிடந்ததே மேல் என்று ஸ்ரெல்லாவுக்குப் பட்டது. இறுகியிருந்த வரைக்கும், உள்ளே எங்கோ இருக்கிறது என்றாவது நம்பலாம்.

"அப்ப அவன் பதில் போடேல்லை" என்றார் சந்தியோகு.

"போட்டவன். ஏதோ வந்தது. எனக்கு நல்ல ஞாபகம்." அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முகமூடிக்குள் வேர்த்த முகம். ஊரடங்கில் வள்ளம் ஒன்றும் இல்லாமல் செத்துப்போய்க் கிடந்த களக்கடல். அப்போதிருந்த பழைய கம்பியூட்டர். அதன் திரையில் புதிதாய் வந்து விழுந்த ஒரு கடிதம். தலைப்பு முழுவதும் சதுரம். உள்ளே திறந்தால் மூன்று வரி, மூன்றும் சதுரம். அடுக்கி வைத்த வெறும் பெட்டிகள்.

"கடவுளே" என்றாள். "அதை நான் அழிச்சுப்போட்டன்."

"எதை?"

"சதுரம் சதுரமாய் வந்தது அண்ணை. வைரஸ் எண்டு நினைச்சன். அது சிங்களம். அந்தக் கம்பியூட்டரிலை சிங்கள எழுத்து இருக்கேல்லை, அதுதான் சதுரமாய்த் தெரிஞ்சிருக்கு. எனக்கு வந்த பதிலை நானே அழிச்சு, குப்பைக்கூடையையும் காலியாக்கிப்போட்டன்."

இருபத்திரண்டு வருடத்தில் அவள் அழித்த கடிதங்களை இரண்டு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். கடதாசி போனால் காணி போகும் என்று படித்தவள். மருந்து விளம்பரத்தைக்கூட அழிக்காமல் வைத்திருந்தவள். அழித்த சிலதில் ஒன்று இதுவாக இருக்க வேண்டுமா? குற்றம் அவளுடையதா என்பது வேறு கேள்வி. தமிழும் ஆட்சி மொழி என்று இந்த நாட்டின் அரசியலமைப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். தமிழில் எழுதிய மனுவுக்குத் தமிழில் பதில் எழுத ஒருவனுக்குக் கையில் என்ன நோவு? ஆனால் வெள்ளிக்கிழமை அந்தக் கேள்வியை மட்டும் கொண்டுபோனால் வாய்க்கால் மிஞ்சாது.

அப்போது திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி எழும்பியது. கோப்பைச் சுருக்கி இடத்தை மிச்சம் பிடிக்கட்டுமா என்று கேட்டது. லோஜனின் விரல் ‘ஆம்’ பக்கம் போனது. இனித் திரும்ப இறுகாமல் இருக்க அதுதான் செய்ய வேண்டிய வேலை.

"கையை எடு!"

அவன் சுட்டதுபோலக் கையை எடுத்தான்.

"உது நெடுகக் கேக்கிறது. நான் ஒருநாளும் ஓமெண்டு சொன்னதில்லை. சுருக்கிறதெண்டால் எதையோ எறியப் போறான் எண்டுதானே அர்த்தம்?"

"ஒருநாளும் சொன்னதில்லையோ? இருபது வருசமும்?"

"ஒருநாளும் இல்லை."

லோஜன் அவளை ஒரு மாதிரிப் பார்த்தான். பிறகு சிரிக்கத் தொடங்கினான். "அக்கா, நீங்கள் அழிச்ச கடிதம் அழியேல்லை. இந்தப் புரோகிராம் அழிக்கச் சொன்னால் அழிக்காது. ‘இது அழிச்சது’ எண்டு ஒரு அடையாளத்தைப் போட்டு, பட்டியல்லை காட்டாமல் விடும். அவ்வளவுதான். கடிதம் உள்ளைதான் கிடக்கும். சுருக்கச் சொன்னால்தான் உண்மையாய் எறியும். நீங்கள் சொல்லாத படியால்தான் கோப்பு இவ்வளவு வீங்கினது. வீங்கின படியால்தான் இறுகினது."

"அப்ப இறுகினதும் நல்லதுக்கோ?" என்றார் சந்தியோகு. "நான் சொன்னன்தானே, அந்தோனியார்..."

"அண்ணை, வாயை வைச்சுக்கொண்டு இருங்கோ. லோஜன், முதல்லை இன்னொரு படி எடு. பிறகு தொடு."

படி எடுத்தான். பிறகு கோப்பைப் புரோகிராமில் திறக்காமல், வெறும் எழுத்தாகத் திறந்தான். அருவிபோல வரிகள் ஓடின. எண்களும் குறிகளும் ஒருவருக்கும் விளங்காத எழுத்தும். அழித்த அடையாளம் போட்ட இடங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் போனான். ஏமாற்று லொத்தர்க் கடிதம் ஒன்று. சங்கத்தில் காசில்லாத காலத்தில் யாரோ ஏசி எழுதியது ஒன்று. அடுத்ததில் பெயரைக் கண்டதும் ஸ்ரெல்லாவின் கை மேசையைப் பிடித்தது.

எமில்ராஜ். அவளுடைய தம்பி. 2007 மார்ச், பாரிசிலிருந்து.

ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ் என்பதால் அந்தக் குப்பைக்குள்ளும் அது மட்டும் துப்பரவாக வாசிக்கக் கிடந்தது. ‘அக்கா, உனக்கு விசரா? ஆக்கள் காணாமல் போற ஊரிலை கடதாசி அடுக்கிக்கொண்டு இருக்கிறாய்.’ அந்த முதல் வரியோடு அன்றைக்கு அவளுக்குக் கொதித்துவிட்டது. மிச்சத்தை வாசிக்காமல் அழித்தாள். பதிலும் போடவில்லை. இரண்டு வருடம் கதைக்கவில்லை. பிறகு கதைத்தார்கள், ஆனால் பழையபடி கதைக்கவில்லை. 2019இல் அவன் அங்கேயே மாரடைப்பில் போனான். கைத்தொலைபேசித் திரையில்தான் அடக்கத்தைப் பார்த்தாள்.

இப்போது கடைசி வரி கண்ணில் பட்டது. ‘உனக்கெண்டு ஒரு அறை ஒதுக்கி வைச்சிருக்கிறன். யன்னலாலை பாத்தால் தண்ணி தெரியும். கடல் இல்லை, ஆறு. ஆனால் தண்ணிதான்.’

"அக்கா?" என்றான் லோஜன்.

"கீழை போ" என்றாள். பிறகு திரும்பவும் சொன்னாள். "அதிலை அடையாளத்தை எடுத்துவிட்டிட்டுக் கீழை போ."

நான்கைந்து தாண்டி, 2021 மே இருபத்தோராம் திகதிக் கடிதம் கிடந்தது. அனுப்பிய முகவரி கந்தோருடையது. லோஜன் அடையாளத்தை நீக்கிச் சேமித்து, புரோகிராமைத் திறந்தான். பட்டியலில் வெறுமையாக இருந்த இடத்தில் அது வந்து உட்கார்ந்தது. இந்தப் புதுக் கம்பியூட்டரில் சதுரம் இல்லை. வட்ட வட்டமான சிங்கள எழுத்து. கொழும்பில் நான்கு வருடம் வேலை செய்த லோஜன் எழுத்துக் கூட்டி வாசித்தான்: "உங்கள் ஆட்சேபக் கடிதம் கிடைத்தது. இலக்கம் இது. உரிய நேரத்தில் அறிவிப்போம்."

சந்தியோகு சிலுவை போட்டுக்கொண்டார். ஸ்ரெல்லா அச்சுப்பொறியைப் போட்டு மூன்று பிரதி அடித்தாள். ஒன்று விசாரணைக்கு. ஒன்று அலுமாரிக்கு. ஒன்று பைக்கு.

வெள்ளிக்கிழமை அந்த அறையில் மேசைக்கு அங்காலே மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் கொழும்பிலிருந்து வந்த பெரியவர். பக்கத்தில் தமிழ் அதிகாரி ஒருவர். கம்பனிக்காரர் சார்பில் கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர். ஸ்ரெல்லா அச்சடித்த தாளை வைத்தாள். பெரியவர் வாசித்தார். பக்கத்தில் தள்ளினார். தமிழ் அதிகாரி தன் கோப்பில் அந்த இலக்கத்தைத் தேடினார். நீண்ட நேரம் தேடினார். இருந்தது. இத்தனை காலமும் அங்கேயேதான் இருந்தது.

தமிழ் அதிகாரி தொண்டையைச் செருமினார். "அப்ப அம்மா, பதில் உங்களுக்கு 2021இலேயே கிடைச்சிருக்கு. இலக்கமும் தந்திருக்கினம். பிறகேன் நாலு வருசம் பேசாமல் இருந்தனியள்?"

"கிடைச்சது ஐயா" என்றாள் ஸ்ரெல்லா. "வாசிக்கத்தான் ஏலேல்லை. நான் தமிழிலை கேட்டனான். நீங்கள் தமிழிலை சொல்லியிருந்தால் அண்டைக்கே விளங்கியிருக்கும். இப்ப நான் சொல்லுறதை அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லுங்கோ. ஒரு சொல்லும் விடாதேங்கோ."

அவர் மொழிபெயர்த்தார். எத்தனை சொல் விட்டாரோ தெரியாது. ஆனால் பெரியவர் அந்தத் தாளை இன்னொரு முறை கையில் எடுத்து, அவளைப் பார்க்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்சேபம் உரிய காலத்தில் கிடைத்ததாகப் பதியப்பட்டது. அனுமதி இடைநிறுத்தப்பட்டது. வாய்க்காலை நேரில் வந்து பார்க்காமல் கம்பு நடக்கூடாது என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்கள். "அதைத் தமிழிலை எழுதித் தாருங்கோ" என்று ஸ்ரெல்லா அசையாமல் நின்றாள். தட்டச்சுக்காரரைத் தேடிப் பிடித்து அடித்துத் தர ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. நின்றுதான் வாங்கினாள்.

பின்னேரம் மூன்று மணிக்குச் சங்கத்து யன்னலைத் திறந்தாள். நீர் வத்தி, வாய்க்கால் மட்டும் கறுப்பாய் ஓடிக் கிடந்தது. அதன் வழியே இரண்டு வள்ளங்கள் கோல் ஊன்றி வந்துகொண்டிருந்தன. முன் வள்ளத்தில் சந்தியோகு. கையை ஆட்டினார். அவளும் ஆட்டினாள்.

கம்பியூட்டரைப் போட்டாள். பழக்கத்தில் கை பைக்குள் போய்ச் சிவப்புச் சாமானை எடுத்தது. இனி அதைச் செருகத் தேவையில்லை என்று லோஜன் சொல்லியிருந்தான். அதற்குள் இப்போது ஒரு முழுப் படி கிடந்தது. திரும்பப் பைக்குள்ளேயே போட்டு ஆணியில் மாட்டினாள்.

புரோகிராம் உடனே திறந்தது. நடுவில் அதே கேள்வி எழும்பியது. சுருக்கட்டுமா?

படி பையில் இருக்கிறது. ‘ஆம்’ என்று சொல்லலாம். சொல்லத்தான் வேண்டும் என்று லோஜன் பாடம் எடுத்துவிட்டுப் போயிருந்தான். ஸ்ரெல்லா கொஞ்சம் யோசித்தாள். பிறகு அந்தக் கேள்வியை அப்படியே திரையில் நிற்க விட்டுவிட்டு, கொப்பியைத் திறந்து எழுதினாள்: "வெள்ளி. பி.ப. 3.20. இறுகவில்லை."

கொப்பியை மூடினாள். கேள்விக்கு, ‘இப்போது வேண்டாம்’ என்றாள். பட்டியலில் 2007க்கு இறங்கிப் போய், தம்பியின் கடிதத்தைத் திறந்து, இரண்டாவது வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்.